கெண்டைக்குத் தைத்த மெத்தை

தேவனூர் நாடு,
கொல்லிமலை.
ஜூன் மாதம், சனிக்கிழமை.

கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கும் அக்கா ரோஸ்லின், அதே கிருபையால் சுகமாயிருக்க வேண்டிய தம்பி அருள்தாசுக்கு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் கோழிகளும் என் மூட்டுவலியும் நலம். அங்கே உன் நலத்தையும், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் அறிய ஆவல். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் மலையில் காற்றடித்தால் லைன் பாதியில் அறுந்துவிடுகிறது. அறுந்து போகாத நாளில் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் சீமையில் ஏதோ ஏரிக்கரையில் ஒரு வாரம் கூடாரம் போட்டுக் கெண்டை மீன் பிடிக்க என்னையும் கூப்பிட்டாய். "எல்லாச் சாமானும் எங்கிட்ட இருக்குக்கா, நீ வந்தாப் போதும்" என்றாய். வேலையில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் கத்திரிக்கோலை நம்பி ஒரு பிரசவம்கூடப் பார்க்காத நர்ஸ் நான், தூண்டிலுக்கு மட்டும் உன்னை நம்புவேனா? என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கம்பு, ரீல், முள், மீன் கடித்தால் சத்தம் போடுகிற கருவி, பிடித்த மீனைப் படுக்க வைக்க மெத்தை, முள் குத்திய உதட்டுக்குத் தடவ மருந்து என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். "மீனுக்கு மெத்தையாடா?" என்றதும் சிரித்தாய். சுமித்ராவை அடக்கம் செய்துவிட்டு, மனைவி இல்லாத அந்த வீட்டில் நீ ஒற்றை ஆளாகத் தங்கிய பிறகு, உன் சிரிப்பை அன்றைக்குத்தான் கேட்டேன். அதனால் தெரிந்ததையும் தெரியாதவள் மாதிரி மறுபடி மறுபடி கேட்டேன். நீயும் பேசினாய். என் காது சூடாகிவிட்டது. இருந்தாலும் போனை வைக்க மனசு வரவில்லை.

சென்னைக்குப் போய் விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வரும் வழியில், சேலத்தில் இறங்கித் தூண்டில் வாங்கினேன். கடைக்காரர் முழ நீளக் குழாய் ஒன்றைக் காட்டி, இழுத்தால் ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு நீளும் என்றார். இழுத்தால்தான் நீளும் என்று நான் எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம். முள்ளுக்குறிச்சியில் பஸ் மாறி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேனா, மலை ஏற ஆரம்பித்ததும் வளைவுக்கு ஒரு கணு வீதம் அது தானாக நீள ஆரம்பித்தது. நான் இந்தப் பக்கம் உள்ளே தள்ள, அது அந்தப் பக்கம் வெளியே வர, முன் சீட்டுக் கிழவரின் தலைப்பாகையைத் தாண்டி டிரைவரின் தோளைத் தட்டிவிட்டது. யாரோ இறங்கக் கேட்கிறார்கள் என்று அவர் நடுக் காட்டில் பஸ்ஸை நிறுத்தினார். ஒருத்தரும் இறங்கவில்லை. என்ன ஏது என்று பார்க்க வந்த கண்டக்டர் பூபதியின் சட்டைப் பையில், கடைக்காரர் நுனியில் கட்டிக்கொடுத்திருந்த முள் மாட்டிக்கொண்டது.

"ஏனுங்க நர்சம்மா, இது மீன் புடிக்கறதுங்களா, கண்டக்டரப் புடிக்கறதுங்களா?"

"ஆடாம நில்லு கண்ணு, எடுத்துடறேன்."

"பாத்து எடுங்க, உள்ள நெஞ்சு இருக்குதுங்க!"

இந்தப் பூபதியை உலகத்துக்கு எடுத்ததே என் கைதான். அன்றைக்கும் இதே மாதிரிதான் கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்ததும், இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கோழிகளிடம் சொன்னேன்.

அடுத்து மெத்தை. இலவம்பஞ்சு வாங்கி, அடியில் ரப்பர் ஷீட் வைத்து, கைக்கு அடக்கமாக ஒன்று தைத்து வெயிலில் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி மிளகுக்கொடி பார்க்கப் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். மறுநாள் காலையில், பச்சைப் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற வசம்போடு வந்து நிற்கிறாள்.

"கொழந்தை ஆருதுங்க நர்சம்மா? தத்து எடுத்திருக்கீங்களாமா?"

"மீனுக்கு, பொன்னாயி."

"மீனான்னு பேரு வெச்சிருக்கீங்களா? நல்ல பேருங்க. எங்கீங்க, தூங்குதுங்களா?"

அவள் தொட்டிலைத் தேடி என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு ரேடியோ, அரை டம்ளர் அரிசி வைத்தாலும் மிச்சமாகிற ஒரு குண்டான். இப்போதெல்லாம் பிரசவ வலி எடுத்தால் என்னைக் கூப்பிடாமல் ஆம்புலன்சில் கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். நல்லதுதான், நானே பிடித்துப் பிடித்து அனுப்பியவள்தான். ஆனால் கதவைத் தட்டுகிற சத்தமே மறந்துவிட்டது, அருள்தாஸ்.

சரி, இரைக்கு வருகிறேன். நீ சொன்னபடி மரவள்ளி மாவும் கேழ்வரகு மாவும் வெல்லமும் பெருங்காயமும் பிசைந்து, உருட்டி, வேகவைத்துத் தட்டில் ஆறப் போட்டேன். பொன்னாயியின் வீட்டுக்காரர் ராசு வந்தார். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வருவதற்குள் தட்டு காலி. "கொழுக்கட்டை நல்லா இருக்குதுங்க, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மிங்க" என்றார். உண்மையைச் சொன்னேன். மனிதர் விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டே, "அந்த ஊர்ல மீனுக எல்லாம் குடுத்து வெச்சதுகங்க" என்றார்.

அவர் தோட்டத்துக் குட்டையில் கெண்டை விட்டிருக்கிறார். பழகிப் பார்க்கலாம் என்று அங்கே போய் உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரி பேசாமல், அசையாமல். பேசாமல் இருக்க எனக்குப் பழக்கம் தேவையில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. எவ்வளவு நேரமோ, வெயில் தோளிலிருந்து முதுகுக்கு இறங்கிவிட்டது. திடீரென்று கம்பு ஒரு வெட்டு வெட்டியது பார், என் முழங்கை வரைக்கும் வந்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ "இருக்கியா?" என்று கேட்ட மாதிரி இருந்தது. இதற்காகத்தான் மழையில் போய் உட்கார்ந்திருக்கிறாயா, தம்பி? பிடித்ததைத் தின்னாமல் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறாய் என்று உன்னை எவ்வளவு கிண்டல் செய்தேன்.

கெண்டை கரைக்கு வந்ததும் ராசு, "கொழம்புக்கு ஆச்சுங்க" என்று கத்தியை எடுத்தார். நான் தடுத்து, மீனை மெத்தையில் படுக்க வைத்து, உதட்டில் வயலட் மருந்து தடவி, இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டேன். மசாலா அரைத்து வைத்திருந்த பொன்னாயிக்கு வந்ததே கோபம்! "உடறதுக்கு என்னத்துக்குங்க புடிக்கோணும்?" என்றாள். அன்றைக்கு அவர்கள் வீட்டில் வெறும் மசாலாக் குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

ஆக, பெட்டி தயார். முள்ளையெல்லாம் பஞ்சில் குத்தி டப்பாவில் வைத்துவிட்டேன். ஸ்வெட்டர் இரண்டு, உனக்கு மலைத்தேன், மிளகு. நான் தனியாக இருக்கிறேன் என்று வருவதாக நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்றுதான் வருகிறேன். ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் வயிற்றையும் சேர்த்து.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா,
ரோஸ்லின்.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கூரியர் வந்துவிட்டது. பாஸ்போர்ட் திரும்பி வந்திருக்கிறது, விசா இல்லை. எனக்குக் கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேலையும் முடிந்துவிட்டது, ஆகவே அங்கே வந்தால் திரும்பிப் போக இங்கே எனக்கென்று ஒன்றும் இல்லை என்று நல்ல இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. பொன்னாயியிடம் படித்துச் சொன்னேன். "ஒண்ணுமில்லீன்னு ஆரு சொன்னது? அந்தாளை இங்க வரச் சொல்லுங்க, நான் பேசிக்கறேன்" என்று சேலையை இழுத்துச் செருகினாள். அப்புறம், "ஆனா ஒண்ணுங்க, நீங்க போகாதது நல்லதாப் போச்சுங்க" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் அந்தக் காகிதத்தை மறுபடி படித்தேன். தப்பு ஏதாவது இருக்காதா என்று தேடினேன். ஸ்பெல்லிங்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆகவே, அருள்தாஸ், நீ வா. ஆடியில் இங்கே காற்று கூரை ஓட்டைப் பிடுங்கும், கரண்ட் இருக்காது, வெந்நீர் விறகடுப்பில்தான், கட்டிலும் உன் உயரத்துக்குக் கட்டை. வந்து நாளெல்லாம் குறை சொல்லு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.