கத்தக் கற்ற கண்ணாடிக்கடைக்காரர்

எவன் கத்தியோடு வந்தாலும் சரி, மணிக்கட்டை முறுக்கி, கத்தியைக் கீழே விழவைத்து, அதற்குப் பிறகுதான் அவன் பேரையே கேட்பது என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு செய்தார். வயது ஐம்பத்தொன்று. முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு கட்சி. இருந்தாலும் சனிக்கிழமை தோறும் நடக்கும் தற்காப்பு வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவரும் மனைவியும் மருந்துக்கடைச் சந்து வழியாக வந்துகொண்டிருந்தார்கள். ஒல்லியான ஒருவன் எதிரே வந்து கத்தியை நீட்டினான். இவர் ஓடினார். சாதாரண ஓட்டம் இல்லை. அந்த முழங்கால்களுக்கு அப்படி ஒரு வேகம் உண்டு என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய சாலைக்கு வந்து ஒரு கடைப் படியில் உட்கார்ந்த பிறகுதான், கூட ஒருத்தி வந்தாள் என்பதே ஞாபகம் வந்தது. எழுந்து திரும்புவதற்குள் அவளே வந்துவிட்டாள். கைப்பை இல்லை. ஒரு கால் செருப்பும் இல்லை. "மூச்சு வாங்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தீர்த்திருந்தால் மனுஷர் பிழைத்திருப்பார். முப்பது வருடமாக அவரோடு சேர்ந்தே வெளியே போனவள் இப்போது தனியாகப் போய்த் தனியாக வருகிறாள். "நானும் வரட்டுமா?" என்றால், "எதுக்கு, உங்களுக்கு வேற வேலை இருக்கும்" என்கிறாள். அந்த மரியாதைதான் அவரைத் தின்றது. ஊரார் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்கிறவருக்கு, வீட்டுக்காரி கண்ணில் தான் எப்படித் தெரிகிறோம் என்று பார்க்கத் துணிச்சல் இல்லை.

மூன்றாவது வகுப்பு முடிந்ததும் தரையில் கால் படாமல் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா? கத்தியைப் பாத்தா மொத வேலை கத்தறதாம். கத்திக்கிட்டே விலகி ஓடிடணுமாம். வீரம் காட்டறவன்தான் குத்து வாங்குவானாம்!"

"கத்தறதைக் கத்துக்கவா வகுப்புக்குப் போறீங்க? வீட்டிலதான் தினமும் நல்லாக் கத்துறீங்களே."

"அது வேற கத்தல்."

"அன்னிக்கு எந்தக் கத்தலும் வரலையே."

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"உங்க மாஸ்டருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லை. ஏன்?"

"தனியா ஓடச் சொல்றாரே, அதான் கேட்டேன்."

வாயால் இவளை ஜெயிக்க முடியாது, செய்துதான் காட்ட வேண்டும் என்று அவருக்குப் பட்டது. வகுப்பில் கொடுத்த ரப்பர் கத்தியை எடுத்து அவள் கையில் திணித்தார். கூடத்துக்கு நடுவில் காலை அகட்டி நின்றார்.

"ம், குத்து."

"எங்க?"

"எங்க வேணும்னாலும்."

"இப்படியெல்லாம் ஆசை காட்டாதீங்க."

"விளையாடாதே. குத்து!"

"இருங்க. அன்னிக்கு நீங்க மட்டுமா இருந்தீங்க?"

உள்ளே போய் நீளத் தலையணையைத் தூக்கிவந்தாள். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் நிமிர்த்தி வைத்தாள். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலையணை உறையில் செருகினாள். போன வருடம் அவரே பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்த கண்ணாடி.

"இது நான். இப்ப வரேன்" என்றாள்.

வந்தாள். அவர் கத்தினார். என்ன கத்தல்! மேல்வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. கத்திக்கொண்டே ஒன்றரை அடி பின்னால் துள்ளி, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்தார். மாஸ்டர் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

கத்தி தலையணையின் வயிற்றில் இருந்தது. அவள் கையை எடுத்ததும் தலையணை மெல்லச் சாய்ந்து தரையில் விழுந்தது.

"என்னங்க ஆச்சு?" என்று மேல்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லைங்க, இவர் பாடம் படிக்கிறார்!"

அவர் தரையில் உட்கார்ந்தார். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பயந்துட்டேன். பயந்தது கூடப் பரவாயில்லை. உன்னை நினைக்கவே இல்லை. ஒரு தடவை கூட நினைக்கலை."

சொல்லிவிட்டு அழுதார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. அந்தச் சந்தில் தனியாக நின்ற நேரத்துக்கான அழுகை அது, இவ்வளவு நாள் கழித்து.

"ஏன் என்னைத் திட்டவே இல்லை?"

"திட்டினா நீங்க காரணம் சொல்லுவீங்க. முப்பது வருஷமாக் கேக்கறேனே."

பிறகு அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

"காய் வாங்கப் போறேன், நீங்களும் வாங்க. ஆனா என் கையை விடக்கூடாது. நான் இழுக்கிற பக்கம் வரணும். புதன்கிழமை மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக்குடுத்தார்."

"எந்த மாஸ்டர்?"

"உங்க மாஸ்டர்தான். பெண்களுக்குப் புதன்கிழமை. நாலு வாரமாப் போறேன்."

"எனக்கும் முன்னாலயா? எதுக்கு?"

"ஓடறவரையும் கூட்டிக்கிட்டு எப்படித் தப்பிக்கிறதுன்னு கத்துக்கத்தான்."