மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள மண்ணாங்கட்டி அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலம் கேட்க வழியில்லை, கோபிக்க வேண்டாம். தலையிலிருந்து கால்வரை மணலோடு வேலைவிட்டு வருவீர்களே, அப்போது கூப்பிட்ட பேர்தான் இப்போதும் வாயில் வருகிறது.

விஷயம் என்னவென்றால், உங்களைப் புதைத்த இடத்தின்மேல் மணல்மேடு ஏறிவிட்டது. நட்ட கல்லும் தெரியவில்லை. ரோட்டு மணலைத் தள்ளும் வண்டி ஓட்டியபோது சொல்வீர்களே, "கடல் கொண்டாந்து போடுது, காத்து தூக்கிட்டு வருது, நான் தள்ளுறேன். மூணு பேரு வேலை, சம்பளம் எனக்கு மட்டும்" என்று. நீங்கள் போனபிறகு மற்ற இரண்டு பேரும் லீவே போடுவதில்லை. கடலுக்குள் ஓடும் நீரோட்டம் எங்கேயோ இருக்கிற ஆற்று மணலை இழுத்துவந்து கரையில் கொட்டுகிறது, அந்தத் தண்ணீர் சில்லென்று இருப்பதால் அதன்மேல் வரும் காற்று பனிமூட்டம் தருகிறதே தவிர ஒரு சொட்டு மழை தருவதில்லை, நனைந்தால்தானே மணல் ஓரிடத்தில் கிடக்கும், காய்ந்ததை எல்லாம் காற்று ஒரே பக்கமாக அள்ளி மேட்டின் முதுகில் ஏற்றி முன்னால் சரித்துவிடுகிறது, அந்த முன்னால் என்பது இப்போது நம் அடுப்படி.

பெரியவன் என்னை அழைத்துப்போக வந்தான். கார் சக்கரம்வரை புதைந்தது. மண்வெட்டியை எடுத்து, காற்று வருகிற பக்கமே வாரி வீசினான், அத்தனையும் அவன் வாய்க்கே திரும்பி வந்தது. துப்பிக்கொண்டே, "அப்பாதான் போயிட்டாரே, இங்க என்னம்மா இருக்கு?" என்கிறான். பக்கத்து வீட்டு ஆடு சரிவில் நடந்துவந்து நம் கூரையில் நின்று கத்தியது, அதுவும் அவன் பக்கம்தான் பேசியது. நான் சொல்லிவிட்டேன்: "மேடு நிக்காதுடா, போயிட்டே இருக்கும். பஸ் ஸ்டாப்ப முழுங்கினது, பின்பக்கமா அப்படியே விட்டுட்டுப் போகல? உட்கார்ற பலகைகூட உடையல. உங்கப்பாவையும் விடும். விடும்போது யாராவது இருக்கணும்ல." பல வருஷம் ஆகுமாம். ஆகட்டுமே, எனக்கென்ன வண்டிக்கு நேரமாகிறதா? இந்த வீட்டைவிட்டு அசையமாட்டேன், இது உறுதி.

மருமகளும் பிள்ளைகளும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். மணல் உங்களுக்குப் பாரமில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பி.கு.: இன்று காலை கதவு திறக்கவில்லை, வெளியே மணல் முட்டுக்கொடுத்து நிற்கிறது. பாத்திரங்களை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே நானும் இறங்கினேன். தன்னோடு வருகிறேன் என்று நினைத்துப் பெரியவன் குஷியாகக் கட்டிலைக் காரின்மேல் கட்டுகிறான். மேட்டைச் சுற்றிப் போய், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தையல்காரம்மா வீட்டு முன்னறையில் இறக்கச் சொல்லப்போகிறேன், பேசிவைத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மேட்டின் முதுகு தெரியும், நீங்கள் வெளியே வரும் பக்கம். நான் காத்திருப்பேன், ஆனால் எனக்கும் வயசாகிறது. ஆயுசு முழுக்க மணல் தள்ளின மனுஷன், உள்ளே இருந்து நீங்களும் கொஞ்சம் தள்ளினால் என்ன?