ஞாயிறு பத்து மணி நேரலை

வானொலியில் யாராவது "இப்போது" என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த "இப்போது" பல சமயம் முந்தின நாளே நடந்து முடிந்திருக்கும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இரண்டு வருடம் அந்தப் பொய்யை வாராவாரம் சொன்னவன் நான்.

வாரநாட்களில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் பில் போடுவேன். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரு தமிழ் இணைய வானொலியில் ஆர்ஜே சூர்யா. (வீட்டில் மணி. ரோட்டில் யாராவது சூர்யா என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.) ஸ்டுடியோ, நந்திதுர்க்கில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்கள் வீட்டின் பின்னறை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அறையில் இருக்கும் அம்மாவின் மர அலமாரி. புடவைகளை ஒரு பக்கம் தள்ளி, இரண்டு கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கோடு தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு பேசுவேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிற பேச்சை மட்டும் சனிக்கிழமையே துண்டு துண்டாகப் பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும். அந்தத் துண்டுக்கு லிங்க் என்று பெயர். பெங்களூரில் இருக்கும் கம்ப்யூட்டர் அவற்றை வரிசையாகப் பாட்டுகளுக்கு இடையே செருகிக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு நான் எம்.ஜி. ரோட்டில் ஒரு கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிமிடமே பேசுவது போல இருக்கும்.

நேயர்களை ஏமாற்றியதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அம்மாவிடமும் அதையே சொன்னேன். "லைவ்மா. இங்க பேசினா அங்க கேக்கும்." சனிக்கிழமை பேசுவதெல்லாம் ஒத்திகை என்று வேறு சொல்லிவைத்தேன். அம்மா அதை லைன் முழுக்கப் பரப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பத்தாகப் போகிறது என்றால் நான் குளித்து, தலைவாரி, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அம்மா மிக்ஸியை நிறுத்திவிடுவாள். குழாயடிக்குப் போய், "எம்புள்ள லைவ்ல கீறான், கொஞ்சம் மெதுவா பேசுங்கமா" என்று கேட்டுக்கொள்வாள். உள்ளே நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படி இருக்கும்போது எங்கள் ஊரின் இன்னொரு சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸிலிருந்து நிர்மலாவின் ஜாதகம் வந்தது. அவள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பெரியவர்கள் அனுமதியோடு இரண்டு தடவை போனில் பேசினோம். இரண்டாம் தடவை போனை வைக்கும்போதே எனக்கு முடிவாகிவிட்டது. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று ரயில் சிநேகிதர்களிடம் தினமும் சொல்லி அவர்கள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லிங்க்குகளை அனுப்பிவிட்டு அலமாரியிலிருந்து தலையை வெளியே எடுத்தேன். சாயங்காலம் நிர்மலாவின் அப்பா மாணிக்கம் அம்மாவுக்குப் போன் செய்தார். ஆடி பிறக்கப் போகிறது, நாளைக்கு விட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும், சாயங்காலம் ராகுகாலம், அதனால் காலையிலேயே பெண் பார்க்க வந்துவிடுங்கள் என்றார்.

"ஐயையோ, உனக்கு லைவ் கீதே" என்றாள் அம்மா.

"லீவு சொல்லிட்டேன்மா. வேற ஆள் பாத்துப்பாங்க" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சமாளித்துவிட்டோம் என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

மறுநாள் நானும் அம்மாவும் ஆட்டோவில் போய் இறங்கினோம். என்னை ஒரு குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நிர்மலாவின் அம்மா கேசரி கொடுத்தார். "பிரமாதம் அத்தை" என்றேன். (முறையெல்லாம் வைத்துக் கூப்பிடும் கட்டம் இன்னும் வரவில்லை. எனக்குத்தான் அவசரம்.) உண்மையிலேயே நல்ல கேசரி. இன்னொரு தட்டும் வாங்கிக்கொண்டேன். நிர்மலா காபி கொடுத்துவிட்டு அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

மாணிக்கம் மாமா, மைன் மூடுகிறவரை சுரங்கத்துக்குள்ளே தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டியவர். மைன் மூடி இத்தனை வருடம் ஆகியும் மூன்று ஷிப்ட் கணக்கிலேயே உலகத்தைப் பார்க்கிறவர்.

"ஆமா தம்பி, இது உங்க ஷிப்ட் டைம் ஆச்சே. இன்னிக்கு உங்க ரிலீவர் யாரு?"

"யாரோ ஒரு பையன் மாமா."

"எப்படிப் பேசறான்னு பாப்பம்" என்று போனில் எங்கள் வானொலியைத் திறந்து ஷோகேஸில் இருந்த ஸ்பீக்கரில் இணைத்தார். எனக்கு அப்போதுதான் நேற்று அனுப்பிய லிங்க்குகள் ஞாபகம் வந்தன.

பாட்டு முடிந்தது. "வணக்கம் பெங்களூரு. நான் உங்க சூர்யா. ஜன்னலுக்கு வெளிய சும்மா கொட்டுது மழை. காலைலருந்து பச்சத் தண்ணிகூட குடிக்காம உங்களுக்காக ஸ்டுடியோவுல உக்காந்திருக்கேன்" என்றது ஸ்பீக்கர்.

என் வாயில் கேசரி இருந்தது. மாணிக்கம் மாமா ஸ்பீக்கரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அம்மா மெதுவாக என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அது போன வாரத்து நிகழ்ச்சி மாமா. ரிபீட் போடறாங்க" என்றேன்.

"இன்னும் ரெண்டே நாள்ல ஆடி பொறக்குது" என்றது ஸ்பீக்கர். "தள்ளுபடிக்கு ரெடியா நேயர்களே? அதுக்கு முன்னாடி இன்னிய தலைப்பு. பிடிக்காத வீட்டுக்கு விருந்தாளியா போய் மாட்டிக்கிட்டா எப்படித் தப்பிக்கறது? சூர்யா வழி சொல்றேன், ஒரு பாட்டு கேட்டுட்டு வாங்க."

தலைப்பு என்னுடையதுதான். சனிக்கிழமை அலமாரிக்குள் அதை யோசித்துவிட்டு நானே சிரித்திருந்தேன். அடுத்த இரண்டு லிங்க்குகளில் என்ன இருக்கிறது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாயை நானே பொத்த முடியாத நிலைமை. தட்டுக்கு அடியில் போனை வைத்து, பெங்களூரில் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் ஜானுக்கு, "அடுத்த ரெண்டு லிங்க்கையும் தூக்கிடு, அவசரம்" என்று தட்டிவிட்டேன். அவன் பார்ப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"முதல் வழி" என்றது என் குரல். "ஃப்ரெண்டுகிட்ட சொல்லிவெச்சு போன் பண்ணச் சொல்லுங்க. போன் வந்ததும் அவசர வேலைன்னு எழுந்துடுங்க."

அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் என் போன் அடித்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது. "எடுங்க தம்பி" என்றார் மாணிக்கம் மாமா. "ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். "இன்னா மச்சி அவசரம்?" என்றான் ஜான். "அந்த லிங்க்கைத் தூக்க முடியாதுடா, விளம்பரத்தோட சேத்துக் கட்டியாச்சு. ஏன் தூக்கணும்? அடுத்து அந்தக் கேசரி மேட்டர்தானே? நேத்து கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன்."

போனை வைத்தேன். கேசரி என்ற வார்த்தையைக் கேட்டதும் நிர்மலாவின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பாட்டு முழுவதும் அறையில் எல்லோரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மெலடி. நான் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாகக் கேட்ட பாட்டு வேறு கிடையாது, முடியக் கூடாது என்ற ஒரே ஆசையில்.

முடிந்தது.

"ரெண்டாவது வழி. அந்த வீட்டுல கேசரின்னு ஒண்ணு குடுப்பாங்க. கலர் போட்ட உப்புமா. பயப்படாதீங்க. சிரிச்சுக்கிட்டே பிரமாதம்னு சொல்லிட்டு, யாரும் பாக்காத நேரத்துல பூந்தொட்டிக்குள்ள தள்ளிடுங்க."

நிர்மலாவின் அம்மா எழுந்தார். நேராக என் பக்கத்துக் குரோட்டன்ஸ் தொட்டிக்கு வந்து, இலையை விலக்கிப் பார்த்தார். மண்ணைக்கூட விரலால் ஒரு கிளறு கிளறினார். ஒன்றும் இல்லை என்றதும் போய் உட்கார்ந்துகொண்டார்.

மாணிக்கம் மாமா ஸ்பீக்கரை அணைத்தார். "எங்க மைன்ல ஒரு சட்டம் தம்பி. எறங்கறப்ப ஆளுக்கு ஒரு நம்பர் டோக்கன். டோக்கன் உள்ள இருந்தா ஆளும் உள்ள இருக்கணும். டோக்கனை உள்ள போட்டுட்டு வெளிய சுத்தினா வேலையை விட்டே தூக்கிருவாங்க. உங்க வாய் பெங்களூர்ல கீது, ஆள் இங்க கீறீங்க. நான் எதை நம்பிப் பொண்ணு தர்றது?"

இனிமேல் சொல்லப் பொய் எதுவும் கைவசம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அலமாரி, கம்பளி, சனிக்கிழமை, லிங்க், எம்.ஜி. ரோட்டையே நான் பார்த்து மாதக்கணக்கில் ஆகிறது என்பது உட்பட. சொல்லும்போது நிர்மலாவைப் பார்க்கத் தைரியம் இல்லை. அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அம்மாதான் முதலில் பேசினாள். "அப்ப ஞாயித்துக்கிழமை கதவைச் சாத்திக்கினு இன்னாடா பண்ணினே?"

"தூங்கினேன்."

"ரெண்டு வருசமா?"

"ஆமாம்மா."

"நீ தூங்கறதுக்காடா நான் ஞாயித்துக்கிழமை சட்னி அரைக்காம இருந்தேன்? குழாயடியில போயி ஊரு வாயெல்லாம் அடைச்சேன்?" அவள் குரல் உடைந்தது. எனக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது, அந்த ஒரு கேள்விக்கு மட்டும்.

மாணிக்கம் மாமா தலையை ஆட்டினார். "ஷிப்ட் டைம்ல தூங்கியிருக்கீங்க."

"நீங்க இன்னா யோக்கியமா?" என்றார் அவர் மனைவி, தொட்டியைக் கிளறிய விரலைத் துடைத்துக்கொண்டே. "பம்ப் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டு மெமோ வாங்கினு வரலியா? அதை அரிசி டப்பாவுல ஒளிச்சு வெக்கலியா?"

பேச்சை மாற்றுவதற்காகத்தான் மாமா மகளிடம் திரும்பினார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "நீ இன்னாமா சொல்றே?"

"எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா" என்றாள் நிர்மலா. "எம்.ஜி. ரோட்டு ஸ்டுடியோவுல வாராவாரம் கோழி கூவுது."

முதலில் சிரித்தது என் அம்மா. அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் கோழி எங்களுடையது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நிகழ்ச்சியும் தொடர்கிறது, சனிக்கிழமை பதிவுதான். மாமியார் வீட்டில் நான் பிரமாதம் என்று சொன்னால் யாராவது ஒருவர் எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ரயிலிலிருந்து போன் செய்து "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றால், "லைவா, ரெக்கார்டிங்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிர்மலா தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறாள். இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். பத்து மணி ஆனதும் அம்மா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் கதவுக்கு வெளியே வைத்து ஓட்டுகிறாள். போன வாரம் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து ஜாரைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.