லாரியின் கண்ணில் வைத்த பொட்டு

என் வாழ்நாளில் நான் ஓட்டியது ஒரே ஒரு லாரி. அதையும் ஒழுங்காக ஓட்டியது பதினோரு நாள்தான். பன்னிரண்டாம் நாள் ஆயுத பூஜை.

அப்போது மலாய் நாட்டில், லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. லைசென்ஸ் வாங்கிய புதிது. அந்தக் காகிதம் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே தெரியும்படி நடப்பேன். டிரைவர் காய்ச்சலில் படுத்ததும் லாரி என் கைக்கு வந்தது. தோட்டமே என்னைப் பார்த்து வாய் பிளந்ததாக நினைத்தேன். பிளக்காதவர் என் அண்ணன் ஒருவர்தான். அவர் பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவருடைய உழைப்பு.

பூஜைக்கு லாரியை லாபிஸ் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எல்லோரும் தங்கள் வண்டிக்கு நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்கள். எனக்கு அது போதவில்லை. முன்விளக்கு இரண்டிலும் கண்ணாடி முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். (கண்ணுக்குள் யாராவது பொட்டு வைப்பார்களா என்று கேட்க அன்று ஒருவரும் இல்லை.)

சாயங்காலம் திரும்பும்போது பெண்கள் பத்துப் பேர் பின்னால் ஏறினார்கள். அண்ணன் ஏறவில்லை.

"நான் சைக்கிள்லயே முன்னால போயிடுறேன்டா. உசுரு பத்திரமா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

ஊர் எல்லையில் மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். விளக்கைத் தட்டி, "லம்பு தூத்துப். தா போலே" என்றார். விளக்கை மறைக்கக் கூடாது, இருட்டினால் இரண்டும் தெளிவாக எரிய வேண்டும், அதுதான் சட்டம் என்று பொறுமையாகவே சொன்னார். துண்டால் துடைத்தேன். போகவிட்டார்.

பின்னாலிருந்து கங்காணியின் மனைவி பாக்கியத்தின் குரல் வந்தது. "தம்பி, பூசை அன்னைக்கே பொட்ட அழிச்சிட்டீங்களே. வண்டிக்கும் ஆகாது, ஓட்டுறவங்களுக்கும் ஆகாது."

வளைவு தாண்டியதும் நிறுத்தினேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை முன்பைவிடக் கனமாக அப்பினேன்.

"மாத்தா பாத்துட்டா?" என்றாள் ஒருத்தி. அங்கே போலீஸ்காரரை அப்படித்தான் சொல்வோம்.

"அவருக்கு அவரு சட்டம். நமக்கு நம்ம சட்டம்."

இந்த வசனம் எனக்கே ரொம்பப் பிடித்துப்போய், வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே சீக்கிரம் இருட்டிவிடும். விளக்கைப் போட்டேன். ரோட்டில் மஞ்சளாக இரண்டு கறை விழுந்தது, அவ்வளவுதான். மெதுவாகப் போனால் பெண்கள் கேலி செய்வார்களே என்று வேகத்தைக் குறைக்கவில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது.

சைக்கிள் லாரிச் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது. அண்ணன் ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கிடந்தார். முழங்கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது.

"உன் லாரியிலயே ஏறியிருக்கலாம்டா" என்றார். அப்புறம் மயங்கிவிட்டார்.

அந்தக் காலைப் பார்க்க வெளிச்சம் வேண்டியிருந்தது. விளக்கை வெறுங்கையால் துடைத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் வரவில்லை. அழுதுகொண்டே நகத்தால் சுரண்டினேன்.

கோர்ட்டில் அந்தப் போலீஸ்காரர் நடந்ததைச் சொன்னார். துடைத்த விளக்கில் மறுபடி சந்தனம் எப்படி வந்தது என்று நீதிபதியாக இருந்த துரை கேட்டார்.

"நான்தான் வெச்சேன்."

"ஏன்?"

"பொட்ட அழிச்சா ஆகாதுன்னு."

மொழிபெயர்ப்பாளர் என்னிடம் இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் அதை இங்கிலீஷில் சொன்னார். லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள். அதன்பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அண்ணனுக்கு அந்த முழங்கால் மடங்கவே இல்லை. பால்மரம் வெட்டும் வேலை அன்றோடு போயிற்று. ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு எங்கே போவதென்று தெரியாமல் நின்றேன். அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே அந்த மடங்காத காலை என் பக்கம் நீட்டினார்.

"இங்க வைடா. இதுக்கு வெளிச்சம் வேணாம்."

வீடே சிரித்தது. நான் பொட்டு வைத்துவிட்டு அழுதேன். அவர் இருந்தவரை வருஷா வருஷம் இதுதான் எங்கள் வீட்டுப் பூஜை.

இப்போது அவருடைய மகன் கார் வைத்திருக்கிறான். ஆயுத பூஜை வந்தால் விளக்கைத் தானே துடைத்துவிட்டு, "சித்தப்பா, மொதல்ல இங்க" என்று அப்பாவைப் போலவே காலை நீட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே குனிவேன். அவன் முழங்கால் நன்றாக மடங்குகிறதா என்று ஒரு தரம் மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பொட்டு வைப்பேன்.