வேப்பங்கன்னுக்காக எனக்கு வந்த சாமி

வேலை வெட்டி இல்லாதவனுக்கு லட்சியம் வந்துச்சுன்னா ஊரு கொஞ்சம் தள்ளி நின்னுக்கணும். எனக்கு வந்துச்சு, எண்பதுகளோட ஆரம்பத்துல. கல்யாணம் ஆன புதுசு வேற. (புதுப் பொண்டாட்டி முன்னாடி வர்ற வீரம் இருக்கே, அது தனி வியாதி.)

எங்க ஊரு திருவண்ணாமலை பக்கத்துல அடி அண்ணாமலை. பௌர்ணமிக்கு மலை சுத்த வர்ற கூட்டம் அப்பத்தான் பெருக ஆரம்பிச்சுது. கூட்டம் ஜாஸ்தி ஆக ஆக, பாதையோரத்துல மரம் கம்மி ஆயிட்டே வந்துச்சு. கடை அடுப்புக்கு முதல்ல கிளை போவும், அப்புறம் அடிமரமே போவும். என் பொண்டாட்டி வசந்தாவோட தம்பி ஏழுமலையும் அங்க ஒரு டீக்கடை போட்டிருந்தான்.

"நிழல்ல நடந்த ஜனம் இனிமே வெயில்ல வேகப் போவுதுடா."

"வேகட்டும் மாமா. தாகம் எடுத்தாத்தானே நம்ம கடையில சோடா குடிப்பாங்க?"

அன்னிக்கே அவன் கடைக்கு எதிர்ல ஒரு வேப்பங்கன்னு நட்டேன். "இது மரமாவலன்னா என் பேரை மாத்திக்கிறேன்"னு வசந்தா கிட்ட சவால் வேற. தெனமும் கிணத்துல இருந்து குடத்துல தண்ணி சுமந்தேன். முள்ளு கட்டினேன், ஆடு வரல. மனுஷன் வந்தான், பல்லு விளக்க குச்சி ஒடிக்க. கன்னு இடுப்பு உயரம் வளரும், பல்லு விளக்குறவங்க அதை முட்டி உயரத்துக்குக் கொண்டாந்துருவாங்க.

விடுவேனா? தண்டுல மஞ்சத்துணி கட்டி, குங்குமம் தடவிட்டேன். சாமி மரத்துல எவன் கை வைப்பான்?

ஒருத்தனும் வைக்கல. மழைக்காலம் முடியறதுக்குள்ள கன்னு என் தோள் உயரம். ஏழுமலை முன்னாடி மீசையை முறுக்கினேன். (அப்ப எவ்வளவு முளைச்சிருந்துச்சோ அவ்வளவு.)

அடுத்த பௌர்ணமி சாயங்காலம் போய்ப் பாத்தா, என் கன்னு முன்னாடி வரிசை நிக்குது! முள்வேலியைக் காணோம். வேர்ல பால், எலுமிச்சம்பழம். தண்டை ஒட்டிக் கற்பூரம் எரியுது, கீழ் இலையெல்லாம் கருகுது. கற்பூரம் வித்துக்கிட்டு இருந்தவன் ஏழுமலை.

"டேய், என் கன்னுடா!"

"கத்தாத மாமா. டீயவிட இது ஜோரா போவுது."

கூட்டத்துல புகுந்தேன். "இது சாமி இல்லீங்க, நான் வச்ச செடிங்க! நெருப்பு வைக்காதீங்க!"

"நீ வச்சியா? ஆத்தா தானா முளைச்சிருக்கா!"ன்னு ஒரு அம்மா சீறினாங்க. "யாருப்பா இவன், குடிச்சிருக்கானா?"

நியாயம் பேசிக்கிட்டு நின்னா கன்னு சாம்பலாயிரும். முடியைக் கலைச்சுக்கிட்டேன். நாக்கைத் துருத்தினேன். "ஏய்ய்ய்!"னு ஒரு சத்தம் போட்டேன்.

"ஆத்தா வந்துட்டா!"

"உடம்பெல்லாம் எரியுதுடா! கற்பூரம் வேணாம், தண்ணி குடுங்கடா!"

நான் கேட்டது கன்னுக்கு. ஜனங்க ஊத்தினது எனக்கு. குடம், சொம்பு, ஏழுமலை கடை அண்டா எல்லாம் என் தலையில கவிழ்ந்துச்சு. "செடிக்கு ஊத்துங்க"ன்னு வாயைத் திறந்தா, வாய்க்குள்ள வேப்பிலையைத் திணிக்கிறாங்க. நானும் விடல. கன்னைக் கட்டிப் புடிச்சு நின்னுட்டேன். என் மேல ஊத்தின தண்ணி வேற எங்க போவும்? வேருக்குத்தானே! கற்பூரம் மொத்தமும் அணைஞ்சுது.

அந்த நேரம் பாத்து வசந்தா வந்தா. என்னை மேலயும் கீழயும் பாத்தா. கையைக் கூப்பி, ரொம்பப் பவ்யமா கேட்டா:

"ஆத்தா, எம் புருஷன் எப்ப வேலைக்குப் போவாரு?"

கூட்டமே என் வாயைப் பாத்துச்சு. சாமியாட்டத்தை நடுவுல நிறுத்தினா குட்டு வெளிப்பட்டுரும், கன்னும் போயிரும்.

"வர்ற... திங்கக்கிழமை."

"வாக்கு மாறாதே?"

"மாறாது"ன்னேன், நனைஞ்ச குளிர்ல பல்லு கிடுகிடுக்க.

திங்கக்கிழமை டவுன்ல ஒரு அரிசி மில்லுல சேந்தவன்தான், இன்னும் அங்கேயே இருக்கேன். 'இந்த ஆத்தாவுக்கு சூடு ஆவாது'ன்னு பேச்சு பரவி, வர்றவங்க தண்ணி மட்டும் ஊத்தினாங்க. கன்னு மரமாச்சு. ஏழுமலை கடையைத் தூக்கிட்டு வந்து அது நிழல்லயே போட்டுக்கிட்டான். இப்ப எவனாவது குச்சி ஒடிச்சா முதல்ல அடிக்க ஓடுறவனும் அவன்தான்.

ஆனா என் வீட்டுல, உடம்பு வலிக்குதுன்னு ஒருநாள் லீவு போட்டுப் படுக்க முடியாது. எந்தக் கிழமையா இருந்தாலும் வசந்தா சொம்புத் தண்ணியோட கட்டில் பக்கத்துல வந்து நிப்பா.

"ஆத்தா, இன்னிக்கு திங்கக்கிழமையாச்சே?"