ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கேட்ட சத்தம்

படிப்பு மனிதனுக்குத் தைரியம் தரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது பயப்படுவதற்குக் கூடுதலாகச் சில பொருள்களை அறிமுகம் செய்துவைத்தது, அவ்வளவுதான். வேதியியலில் முதுகலை முடித்து பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். மற்றவர்கள் கரப்பான்பூச்சிக்குப் பயப்படுவார்கள். நான் கரப்பான்பூச்சிக்கும் பயப்படுவேன். அதற்கு அடிக்கும் மருந்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று டப்பாவைப் படித்துவிட்டு அதற்கும் பயப்படுவேன்.

இப்படிப்பட்டவள் திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இங்கே எல்லோருக்கும் மூக்கு கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். கிழக்கிலிருந்து காற்று வந்தால் கடலும் கருவாடும். மேற்கிலிருந்து வந்தால் ஒருநாள் பெயின்ட், ஒருநாள் அழுகின முட்டை, ஒருநாள் இன்னதென்று சொல்ல முடியாத ஒன்று. என் மாமியார் மாடியில் துணி எடுத்துக்கொண்டே, “இன்னிக்கு மேக்கால காத்து” என்று மூக்கைச் சுருக்குவார், அதோடு சரி. வாடை அதிகமானால் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக நடக்க வேண்டும் என்பது இந்தத் தெருவில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், எங்கள் பாப்பாவுக்கு எட்டு மாதம். “வருகிறீர்களா, வேறு ஆள் போடட்டுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்” என்று பள்ளியிலிருந்து கேட்டுவிட்டார்கள். எனக்குப் போக வேண்டும். எட்டு மாதமாக என்னிடம் யாரும் ஒரு சமன்பாடுகூடக் கேட்கவில்லை. (கேட்காவிட்டாலும் பாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.) ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் மாமியார். அவர் இரண்டு கேள்வி கேட்டார்.

“நான் எத்தினி பாட்டு பாடினாலும் இது தூங்க மாட்டேங்குதே. நீ பூட்டா மத்தியானம் யாரு தூங்க வெப்பா?”

அடுத்தது: “இங்க கீறப்பவே நிமிசத்துக்கு ஒரு தபா அது மூக்காண்ட வெரல வெச்சி மூச்சு வருதான்னு பாக்குற. அங்க பூட்டேன்னா பத்து நிமிசத்துக்கு ஒரு போன் போடுவ. நான் புள்ளய பாக்கறதா, உன் போன எடுக்கறதா?”

பாப்பாவுக்கு விக்கல் வந்ததற்கு டாக்டருக்குப் போன் போட்டவள் நான். விக்கல் நின்ற பிறகு, ஏன் நின்றது என்று கேட்க மறுபடியும் போட்டேன்.

கடைசியில் மாமியார் ஒரு வழி சொன்னார். “நாளிக்கு மாதவரத்துல வளகாப்பு. காலீல போனா சாய்ங்காலந்தான் வருவேன். நீ ஒண்டியா புள்ளய வெச்சிகினு இரு. பயந்துகினு யாருக்கும் போன் போடாம இருந்துட்டேன்னு வெச்சிக்கோ, வந்து ஸ்கூல பத்தி பேசலாம்.”

மறுநாள் மதியம் வரை நான் நானாகவே இல்லை. பாப்பா சாப்பிட்டாள், சிரித்தாள், அதிசயமாகத் தூங்கியும் போனாள். விரலை மூக்கருகே கொண்டுபோய், தொடாமல் திரும்பி வந்தேன். அந்தப் பெருமிதத்தில்தான் ஒரு படம் பார்க்கலாம் என்று தோன்றியது.

என் கணவர் பிரபு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினார். ஐந்து ஸ்பீக்கர், ஸ்டூல் உயரத்துக்கு ஒரு வூஃபர், பென் டிரைவைச் செருகிப் படம் பார்க்க ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும், “சரவுண்டுன்னா என்ன தெரியுமா? சத்தம் எங்கேருந்து வருதுன்னே கண்டுபிடிக்க முடியாது, அதான் விசேஷம்” என்பார். பாப்பா பிறந்தது முதல் அந்த ஸ்பீக்கர்கள் வாயே திறக்கவில்லை. இரண்டின்மேல் குழந்தைத் துணி காய்ந்தது. ஒன்றுக்குக் குல்லா மாட்டியிருந்தது. அவை பேசக்கூடிய பொருள்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது.

ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர்கள் தாமாக அடங்கிவிடும் என்று பிரபு சொல்லியிருந்தார். செருகினேன். படத்தைப் போட்டேன். காதுக்குள் “ஸ்ஸ்ஸ்ஸ்” என்று ஒரு இரைச்சல், தகரக் கொட்டகையில் அடைமழை விழுவதுபோல. கதாநாயகன் வாயைத் திறந்தான்: ஸ்ஸ்ஸ். அவன் அம்மா அழுதுகொண்டே பதில் சொன்னாள்: ஸ்ஸ்ஸ். மொத்தக் குடும்பமும் பாம்பு ஜாதி போலிருந்தது.

சரி, விஞ்ஞான முறைப்படி போவோம் என்று உட்கார்ந்தேன். ஹெட்போன் பின்னைக் கழற்றித் துடைத்துச் செருகினேன். இரைச்சல். ஹெட்போனை செல்போனில் மாட்டினேன். பாட்டு தெளிவாகக் கேட்டது. (உண்மையிலேயே தெளிவுதானா என்று சந்தேகம் வந்து இன்னும் இரண்டு பாட்டு கேட்டேன்.) ஆக, பழுது ஹெட்போனில் இல்லை. இணையத்தில் தேடினேன். பெட்டி சரவுண்ட் ஒலியைப் பிரிக்காமல் மூட்டையாக அப்படியே அனுப்பினால் இந்த இரைச்சல் வரும், செட்டிங்கில் போய் இரண்டு சேனல் ஸ்டீரியோ என்று மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். அதுதான் சரியான பதில். அதன்படி செட்டிங்குக்குள் போனேன். “மாற்றத்தைச் சேமிக்கவா?” என்று பெட்டி கேட்டது. கணவர் ஆசையாக வைத்திருக்கும் செட்டிங், நான் சேமித்து ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

இன்னொருவர், படம் முழுக்க இரைச்சல் இருக்கிறதா, ஆரம்பத்தில் மட்டுமா என்று பாருங்கள் என்று எழுதியிருந்தார். இதில் எதையும் சேமிக்க வேண்டியதில்லை. படத்தைத் தள்ளித் தள்ளிக் கடைசிக் காட்சி வரை வந்தேன். இரைச்சலுக்குப் பின்னால் வசனம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சத்தத்தை முழுதாக ஏற்றினேன். அப்போது பாப்பா சிணுங்குவது இரைச்சலையும் மீறிக் கேட்டது. (தாய்க்காது.) ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். வயர் காலில் சுற்றி, அந்தப் பின் பெட்டியிலிருந்து கழன்றதை நான் பார்க்கவில்லை.

பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டபோதுதான் உறைத்தது. சத்தம் நிற்கவில்லை.

நான் அன்று போட்ட கணக்கை இன்று யோசித்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. ஹெட்போன் காதில் இல்லை. ஆனாலும் சத்தம் கேட்கிறது. அப்படியானால் சத்தம் ஹெட்போனில் இல்லை. அப்படியானால் முன்பும் அது ஹெட்போனில் இருந்திருக்காது. அப்படியானால் இவ்வளவு நேரமும் வீட்டுக்குள் எதுவோ கசிந்துகொண்டிருக்க, நான் உட்கார்ந்து செட்டிங் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அடுப்படிக்கு ஓடினேன். சிலிண்டர் மூடியிருந்தது, ஆனால் சத்தம் அங்கேயும் கேட்டது. குளியலறையிலும் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகுக்குப் பின்னால் சீறியது. மோந்து பார்த்தேன். வாசனை இல்லை. வேறு ஆளாக இருந்தால் அங்கேயே நிம்மதி அடைந்திருப்பார். வாசனையே இல்லாத விஷவாயுக்கள் எவை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான். வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் பெயரிலேயே தலை சுற்றியது.

டி.வி. அருகே போய் ஸ்விட்சை அணைத்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கேஸ் கசியும் வீட்டில் ஸ்விட்சைத் தொடக் கூடாது. அதையும் நான்தான் பாடம் நடத்தியிருக்கிறேன்.

போன் போடக் கூடாது என்று மாமியார் உத்தரவு. போடவில்லை. வாசல் கதவைத் திறந்து கத்தினேன்.

“கேஸ்! கேஸ்! எல்லாரும் எறங்குங்க! யாரும் ஸ்விட்ச தொடாதீங்க!”

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. மேல்வீட்டு ஜெசிந்தா அக்கா முதலில் இறங்கி வந்து, என் வாசலில் ஒரு கணம் நின்று காது கொடுத்தார். “ஐயோ மாதாவே, இன்னா இப்டி சீறுது!” என்று அலறி, மறுபடி மேலே ஓடினார். ஈரத்துண்டோடும் மீன்குழம்புச் சட்டியோடும் திரும்பி வந்தார். கீழ்வீட்டில் மளிகைக்கடை அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யானைக்கவுனிப் பக்கம் மொத்த வியாபாரம் செய்கிறவர், திருநெல்வேலிக்காரர். பனியனோடு, சோற்றுக்கையோடு வெளியே வந்தார்.

“ஏ தாயி, எந்தப் பக்கம் காத்து அடிக்கி?” என்று கேட்டு, விடைக்குக் காத்திராமல் சாம்பார் விரலையே உயர்த்திக் காற்றுப் பார்த்தார். “எல்லாரும் தெக்க வாங்க!”

எல்லோரும் தெற்கே போனோம். ஆறு வீட்டு ஆட்கள், எங்களைப் பார்த்துப் பக்கத்துக் கட்டடம், அவர்களைப் பார்த்து எதிர்வரிசை. டீக்கடையில் அடுப்பை அணைத்தார்கள். தெரு முழுக்க ஈரத்துணிகள். அண்ணாச்சி இடது கையால் செல்போனை எடுத்து ஃபயர் சர்வீஸ் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. ஸ்பூன் விழுந்தால் விழித்துக்கொள்ளும் குழந்தை, இத்தனை கலவரத்திலும் கண்ணை மூடிக் கிடந்தாள்.

“அக்கா! பாப்பா மயங்கிட்டா!”

ஜெசிந்தா அக்கா குனிந்து பார்த்தார். “மயக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொறட்ட வுடுது பாரு, டீச்சரம்மா.”

அப்போது சீறல் சட்டென்று நின்றது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தது. இரண்டு விநாடி மௌனம். அதன்பின் ஐந்து ஸ்பீக்கரும் முழுச் சத்தத்தில், தேனில் குழைத்த ஒரு பெண் குரலில் பேசின:

“புதிதாகத் தாயான என் அன்புத் தோழியே... நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். உங்களைச் சுற்றி எந்த ஆபத்தும் இல்லை. மெதுவாக... மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்...”

படம் முடிந்து, பென் டிரைவில் அடுத்து இருந்தது தானாக ஓட ஆரம்பித்திருக்கிறது. எனக்காகப் பிரபு எப்போதோ ஏற்றிவைத்த மன அமைதிப் பயிற்சி. சரவுண்ட் இல்லாத சாதாரணப் பதிவு. அதனால் அட்சரம் பிசகாமல் கேட்டது. எதிர்வரிசையில் ஒரு பெரியவர், அரசாங்க அறிவிப்பு என்று நினைத்தாரோ என்னவோ, துண்டை விலக்கி நிஜமாகவே மூச்சை இழுத்தார்.

ஜெசிந்தா அக்காதான் முதலில் பேசினார். “டீச்சரம்மா, உங்க வூட்டு கேஸு பேசுது.”

அண்ணாச்சி போனை மடியில் செருகினார். பாப்பா அந்த அமைதிக் குரலுக்கு விழித்து, வீல் என்று கத்தினாள்.

இந்தக் கட்டத்தில்தான் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சாயங்காலம்தான் வருவேன் என்ற மாமியார் மதியமே வளைகாப்புப் பையோடு இறங்கினார். தெருவைப் பார்த்தார், துண்டுகளைப் பார்த்தார், மேலே இருந்து “நான் அமைதியானவள் என்று சொல்லுங்கள்” என்ற குரலைக் கேட்டார். “இன்னாம்மே இது? யாருக்கு இன்னா?” என்றார். எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

“அத்தை, நான் யாருக்கும் போன் போடவே இல்ல” என்றேன்.

“போட்டிருந்தா ஒருத்தருக்குத்தான தெரிஞ்சிருக்கும்?”

தெரு சிரித்த சிரிப்பில் பாப்பாவின் அழுகையே கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போயிற்று என்று முடிவு செய்துகொண்டு மாடி ஏறினேன்.

மேலே வந்தும் பாப்பா அடங்கவில்லை. மாமியார் தோளில் போட்டார், காலில் போட்டார், வளைகாப்பு வளையலை ஆட்டிக் காட்டினார். வேலைக்காகவில்லை. குழம்புச் சட்டியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்கா, “இம்மா நேரம் அந்த சீறல்லதான தூங்கிச்சு? அத்த திரும்ப போடு பாக்கலாம்” என்றார்.

சத்தத்தைக் குறைத்துவைத்துப் படத்தைப் போட்டேன். ஸ்ஸ்ஸ்ஸ். பாப்பா அழுகையைப் பாதியில் விட்டாள். மாமியார் தோளில் கன்னத்தைச் சாய்த்தாள். இமை இறங்கியது.

மாமியார் என்னைப் பார்த்தார். “நிறுத்து.” நிறுத்தினேன். அழுகை. “போடு.” போட்டேன். தூக்கம். மூன்றாவது தடவையும் அதேதான். (சோதனை முடிவுகள் திரும்பத் திரும்ப ஒன்றுபோல் வர வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே அவருக்குத் தெரிந்திருந்தது.) பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் அவர் மதியம் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“வெள்ளிக்கெழம வரிக்கும் இன்னாத்துக்கு இருக்கணும்? இப்பவே ஸ்கூலுக்கு போன் போட்டு வரேன்னு சொல்லு. நீ வூட்ல இருந்தா புள்ள தாங்கும், தெரு தாங்காது.”

அன்றைக்கு நான் போட்ட முதல் போன் அதுதான்.

பிரபு வேலையிலிருந்து வந்து, அந்த இரண்டு சேனல் செட்டிங்கை மாற்றி, சேமித்து, இரைச்சலைப் போக்கிவிட்டு வீரனைப்போல நின்றார். மறுநாள் மதியம் அதே படத்தைப் போட்டால் வசனம் தெளிவாகக் கேட்டது, பாப்பா தெளிவாக அழுதாள். “எவன்டா கேஸ நிறுத்தினவன்?” என்று மாமியார் அவருக்கே போன் போட்டுவிட்டார். பிரபு மனம் உடைந்து எல்லாவற்றையும் பழையபடி கெடுத்துவைத்தார். அந்தப் படத்தில் அவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பாப்பாவுக்கு நாலு வயது ஆகப்போகிறது. இன்னமும் மதியத் தூக்கத்துக்கு அது வேண்டும். போன மாதம் மாத்தூரிலிருந்து பிரபுவின் பெரியம்மா முதல்தடவையாக வந்திருந்தார். சாப்பாடு முடிந்தது. மாமியார் அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டே, கூடத்தில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தா அக்காவிடம் குரல் கொடுத்தார்.

“ஜெசிந்தா, அந்த கேஸ கொஞ்சம் தொறந்து வுடு. புள்ள தூங்கட்டும்.”

பெரியம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ்ப்படியைத் தாண்டும்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஜெசிந்தா அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

“எங்க ஓடறீங்கோ, பெரீம்மா? நாங்க தெனிக்கும் தொறக்கறதுதான்!”