சந்தேகம் வந்தால் நின்றுவிடும் பெட்டி

ராஜபாளையத்தில் பேய்க்கு வேலை போட்டுக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் ‘பூட்டு’ அண்ணாச்சிதான். அதற்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

எங்களுடையது ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி அனுப்பும் கம்பெனி. எந்தத் துணி எந்த நாளில் நீராவியில் சுத்தமானது என்ற ரிக்கார்டு அத்தனையும் ஒரே ஒரு லினக்ஸ் சர்வரில் இருந்தது. அதற்குக் காவல் அண்ணாச்சி. தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, அந்தப் பெட்டியின் மூளையான கர்னலில் எதையாவது அடைப்பார். பென் டிரைவ் வேலை செய்யாது. புது டிரைவர் சாஃப்ட்வேர் எதுவும் ஏறாது. மெமரியில் ஒன்றின் வேலை முடிந்தால் அடுத்த நொடியே பெட்டி அதைத் துடைத்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே எல்லாம் இடம் மாறி உட்காரும், தேடி வருகிறவன் திணறட்டும் என்று.

மனிதரும் அப்படித்தான். தினமும் வேறு நாற்காலி. டீ குடித்த டம்ளரைக் கையோடு கழுவிவிடுவார். ஆண்டாள் தேரோட்டத்துக்கு ஆபீசே போய் போட்டோ எடுத்தபோது அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன். படத்தில் என் கை அந்தரத்தில் இருக்கிறது. தோளைக் காணோம். கிளிக் செய்யும் நேரம் பார்த்துக் குனிந்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இன்னொரு ஆப்ஷன் போட்டிருந்தார் பாருங்கள்: உள்ளே சின்னக் கோளாறு வந்தாலும் சர்வர் மொத்தமாக நின்றுவிடும், கீபோர்டு விளக்குகள் மட்டும் சிமிட்டும். பாய்லர் ஓடத் தொடங்கும் மத்தியானம் இரண்டு மணிக்குத் தவறாமல் நின்றது. சர்வர் இருந்ததோ முந்தைய மேனேஜர் நாற்காலியிலேயே உயிரை விட்ட அறை.

பேக்கிங் செக்‌ஷன் மாரியக்கா நடுங்கிப்போனார். “அது வெளக்கு இல்ல அண்ணாச்சி, அவருதாம் கண்ணச் சிமிட்டுதாரு!” என்று எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து அறை வாசலில் கட்டினார்.

“நல்லாக் கட்டுங்க அக்கா. பேய் கெடக்குன்னா ஒரு பய உள்ள வரமாட்டான்” என்று அண்ணாச்சி நூல் எடுத்துக் கொடுத்தார்.

எனக்கு எரிச்சல். “அந்த ஆப்ஷன எடுத்துத் தொலைச்சா என்ன அண்ணாச்சி?”

“ஏலே, தப்பு நடக்கயில நின்னுட்டா நமக்கு அசிங்கம், அம்புட்டுத்தான். நிக்காம ஓடுனா எல்லாமே போயிரும்.”

கடைசியில் பாய்லர் ஓடும்போது தடுமாறும் பழைய நெட்வொர்க் கார்டுதான் கோளாறு என்று கண்டுபிடித்து மாற்றினார். அதன் பிறகு விளக்கு சிமிட்டவே இல்லை. இந்த ஆடியில் அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு மத்தியானம் ஆபீசுக்குத் திரும்பினோம். எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே சிவப்புத் திரை. பணம் கேட்டு எவனோ ஃபைல்களைப் பூட்டிவிட்டான். தூத்துக்குடியில் எங்கள் சரக்கு கப்பலுக்குக் காத்திருந்தது. ரிக்கார்டு இல்லாவிட்டால் திரும்பி வரும். பேக்கிங் செக்‌ஷனை மூட வேண்டியதுதான் என்றார் முதலாளி. மாரியக்காவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு நாதியில்லை.

சர்வர் அறைக்கு ஓடினேன். கீபோர்டு விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. மணி இரண்டு.

மதுரையிலிருந்து வந்த என்ஜினியர் பெட்டியை அணைக்காமலே டிஸ்க்கை உருவி, தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். “ஒரு ஃபைல்கூடப் போகல சார். எதுவோ உள்ள நொழையப் பாத்திருக்கு, ஒடனே நின்னுருச்சு. யாரு செட் பண்ணுனது?”

“எங்க அண்ணாச்சி” என்றேன். டிஸ்க்கை உருவிய பிறகும் விளக்குகள் சிமிட்டுவதை நிறுத்தவில்லை. அணைப்பதற்காக அவர் பட்டனிடம் விரலைக் கொண்டுபோனார். அந்த அறைக்குள் காலே வைக்காத மாரியக்கா உள்ளே வந்து அவர் கையைப் பிடித்தார்.

“செத்த நேரம் இருக்கட்டும் தம்பி. பொறவு அணைங்க.”

சாயங்காலம் வரை நாங்கள் யாரும் அதை அணைக்க விடவில்லை.